அழுக்குப் படாத ஏழாம் நம்பர்

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும் அந்த வீட்டில் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தவள் நம் மருமகள்தான். அதுவும் நல்ல எண்ணத்தில். கெட்ட எண்ணத்தோடு ஒன்றைச் செய்கிறவர்கள் நாலு தடவை யோசித்துவிட்டுச் செய்வார்கள். நல்ல எண்ணக்காரர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாமனார் ஓய்வு பெற்ற தபால்காரர். ஊரெல்லாம் நடந்தும் வழுக்காத கால் சொந்தக் குளியலறையில் வழுக்கி, இப்போது மாவுக்கட்டோடு சோபாவில் கிடக்கிறார். மாமியார் நூலகத்தில் வேலை பார்க்கிறவர். அவர் பேசுவது பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் கேட்கும். அப்பேர்ப்பட்ட சாதுவுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. அது கால்பந்து.

பெரிய ஸ்டேடியத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிரந்தர சீட்டு. அந்த வரிசையில் இன்னொரு சீட்டு கிடைப்பது குதிரைக் கொம்பு. மாமனாரின் சீட்டு இந்தச் சனிக்கிழமை சும்மா கிடக்க வேண்டாமென்று, "நீ வாம்மா," என்று மருமகளைக் கூப்பிட்டுவிட்டார் மாமியார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் இவளை எங்கேயும் கூப்பிட்டதில்லை.

மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குக் காரணம் கால்பந்து அல்ல. வீட்டின் முன் ரூம்.

அவள் ஒரு சலவைக் கடையில் வேலை பார்க்கிறாள். கறை எடுப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். கடை முதலாளி மகனோடு போய் இருக்கப் போகிறார். இடம் இருந்தால் மிஷின்களை நீயே எடுத்துக்கொள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்று சொல்லிவிட்டார். இடம் இருக்கிறது. தெருவைப் பார்த்த முன் ரூம், மாமனாரின் உடைந்த சைக்கிள்களும் மாமியார் சேர்த்து வைத்த பழைய பத்திரிகைகளும் படுத்துத் தூங்குகிற ரூம். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. கேட்டதற்கு, "மேட்ச் முடியட்டும், சொல்றேன்," என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

எப்படியாவது மாமியார் மனம் குளிர ஒன்று செய்ய வேண்டுமே என்று மருமகள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கதவுக்குப் பின்னால் தொங்கிய அந்த வெளிர் நீல ஜெர்ஸி கண்ணில் பட்டது. நெஞ்சுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. பக்கத்தில் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய வாசனை. பாவம், அத்தைக்கு இதைத் துவைக்க நேரமில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

சனிக்கிழமை காலை மாமியார் அரை நாள் வேலைக்குப் போயிருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கணவன், கூடத்தில் இஸ்திரி போட்டுத் தொங்கிய ஜெர்ஸியைப் பார்த்து, பேயறைந்த மாதிரி நின்றான்.

"இது... இது அம்மாவோடதா?"

"ஆமாங்க. புதுசு மாதிரி ஆயிடுச்சில்ல?"

"கறை எங்க?"

"எடுத்துட்டேன்," என்றாள் பெருமையாக. "லேசுல போகல. ரெண்டு மணி நேரம் உயிரை வாங்கிடுச்சு."

கணவன் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சோபாவில் மாமனாரின் மாவுக்கட்டுக் கால் ஏற்கெனவே இருந்ததால் அதன் மேலேயே உட்கார்ந்தான். மாமனார் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கணவன் சொன்ன விஷயம் இதுதான். பல வருஷங்களுக்கு முன்னால் அவர்கள் டீம் கோப்பையை வென்ற நாளில், கடைசி கோல் விழுந்ததும் மாமியார் எகிறிக் குதித்தார். மாமனார் கையிலிருந்த டீ மாமியார் ஜெர்ஸியில் கொட்டியது. அன்றிலிருந்து அந்தக் கறைதான் ராசி. அதைத் துவைக்கக் கூடாது, தொடக் கூடாது. இதை மருமகளிடம் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியைப் புதிதாக வந்தவளுக்கு யார்தான் சொல்கிறார்கள்?

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் மருமகள். முன் ரூம் கண்ணெதிரே கதவைச் சாத்திக்கொண்டு போவது போலிருந்தது.

"யாராவது அதைப் போய்த் தொவைப்பாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"நான் சலவைக்காரிங்க! அழுக்கைப் பார்த்தா வேற என்ன செய்வேன்?"

அப்புறம் அவளுக்கு ஒன்று உறைத்தது. "இருங்க. டீயா கொட்டுச்சுன்னீங்க?"

"ஆமா, டீதான்."

"அது டீ இல்லீங்க. மெழுகுக் கறைக்குப் போடுற மருந்துக்குத்தான் அசைஞ்சு குடுத்துச்சு. அது ஷூ பாலிஷ்."

மாமனார் பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"அப்பா," என்றான் மகன்.

"படிச்சிட்டிருக்கேன்."

"அப்பா!"

பத்திரிகை மெதுவாகக் கீழே இறங்கியது. "ஏழெட்டு வருஷம் ஆச்சுடா," என்றார் மாமனார் பரிதாபமாக. "உங்கம்மா ஊருக்குப் போயிருந்தா. நான் பாட்டுக்கு எல்லாத் துணியையும் மிஷின்ல போட்டேன். அதுவும் கூடப் போயிடுச்சு. வெளிய எடுத்துப் பார்க்கறேன், கறை இல்ல. எனக்குக் கை கால் ஓடல. டீயை ஊத்திப் பார்த்தேன், காஞ்சதும் வெளிறிப் போச்சு. கடைசியில என் ஆபீஸ் ஷூவுக்குப் போடுற பாலிஷை எடுத்து..."

"இத்தனை வருஷமா அம்மா பாலிஷையா கும்பிட்டுட்டு இருக்காங்க?"

"கத்தாதேடா. அவளுக்கு மட்டும் தெரிஞ்சுது, மாவுக்கட்டு இன்னொரு காலுக்கும் வேணும்."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த வீட்டில் முதல் முறையாகத் தனக்கு ஒரு கூட்டாளி கிடைத்ததைப் போல உணர்ந்தாள். மாமனாரும் அவளைப் பார்த்து அப்படித்தான் அசடு வழிந்தார்.

"பாலிஷே தடவிடலாம்," என்றான் கணவன். "டப்பா இருக்கு."

இந்த இடத்தில் மருமகள் சரி என்று சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தொழில் தெரிந்தவர்களிடம் ஒரு கர்வம் உண்டு, அது சமயம் பார்த்துக் காலை வாரும்.

"டீன்னு சொல்லிட்டு யாராவது பாலிஷ் போடுவாங்களா?" என்றாள். "டீ கறைன்னா டீயிலதான் போடணும். மாமா ஊத்தின டீ வெளிறிப் போனதுக்குக் காரணம் சூடு வைக்காததுதான். நான் வெக்கிறேன் பாருங்க, எந்த ஜென்மத்துக்கும் போகாது."

பாலில்லாத டீயைத் தார் மாதிரி காய்ச்சினாள். கறையின் ஓரம் எங்கே வளைந்தது, எங்கே நீண்டது என்று அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. ஆட்களின் முகம் அவளுக்கு மறந்துபோகும், கறை மறக்காது. டீயை விட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி, மறுபடி விட்டு, மறுபடி அழுத்தினாள். வாழ்நாளெல்லாம் கறை எடுத்த கை அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு கறையை உண்டாக்கியது. மனசாட்சி உறுத்தினாலும் வேலை சுத்தமாக வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

"வாசனைக்கு என்ன பண்றது?" என்றான் கணவன். "சோப்பு வாசம் ஊரைக் கூட்டுது."

"ஷூ அலமாரியில கொஞ்ச நேரம் தொங்க விடு," என்றார் மாமனார். அனுபவசாலி.

மாமியார் வந்தார், சாப்பிட்டார், ஜெர்ஸியை மேலே மாட்டிக்கொண்டார். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கிளம்பலாமா?" என்றார், கிசுகிசுப்பாக.

*

ஸ்டேடியம் தூரத்தில் தெரிந்தபோதே மருமகள் பஸ் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். இறங்கிப் பக்கத்தில் போகப் போக அது வளர்ந்துகொண்டே போனது. எல்லாத் தெருக்களிலிருந்தும் வெளிர் நீலம் வழிந்து வந்து அந்தச் சுவரடியில் சேர்ந்தது. எள் விழ இடமில்லை. இத்தனை பேரும் இன்றைக்கு ராத்திரி இந்தச் சட்டைகளைத் துவைக்கப் போடுவார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு மலைப்பாக இருந்தது.

வாசலில் பையைச் சோதித்த காவல்காரம்மா, அதற்குள்ளிருந்து ஒரு குட்டி பாட்டிலையும் பல் தேய்க்கிற பிரஷையும் வெளியே எடுத்தாள்.

"என்னம்மா இது?"

"கறை எடுக்கிற மருந்து. எப்பவும் கையில இருக்கும்."

"பாட்டில் உள்ள கொண்டு போகக் கூடாது." சொல்லிவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தி, தன் கைப்பட்டையை நீட்டினாள். "இது பேனா மை. போகுமா?"

"இது போகாமலா? குடுங்க இப்படி."

பின்னால் வரிசை கத்தியது. யாரோ விசிலடித்தார்கள். மருமகள் அசரவில்லை. மாமியார் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான், "தண்ணியில ஊற வெக்காதீங்க!" என்று திரும்பிக் கத்திக்கொண்டே உள்ளே போனாள். பாட்டில் காவல்காரம்மாவிடமே தங்கிவிட்டது.

படி, படி, இன்னும் படி. கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே ஆயிரம் செருப்புகள் தேய்கிற சத்தம். ஒரு குறுகலான வாசல் வழியாக வெளியே வந்தால், திடீரென்று வானமும், அதன் அடியில் அவ்வளவு பெரிய பச்சையும். மருமகள் அப்படியே நின்றுவிட்டாள். டிவியில் இது கைக்குட்டை அளவுதான் இருக்கும். சுற்றி அடுக்கடுக்காக மனிதத் தலைகள், எதிர்ப் பக்கத்து மூலையில் மட்டும் மஞ்சள் சட்டைக்காரர்கள், ஊரில் உள்ள அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடிவிட்ட இரைச்சல். காதில் கேட்பதற்கு முன்னால் அது காலடியில் அதிர்ந்தது.

"வாயை மூடிக்கோ, நாம இன்னும் நாலு வரிசை மேல," என்றார் மாமியார்.

வரிசையில் எல்லோரும் மாமியாரைப் பார்த்து எழுந்து வழிவிட்டார்கள். "வாங்கக்கா!" என்று இடப் பக்கத்தில் இருந்த பஸ் டிரைவர் கை குலுக்கினார். பின் வரிசைப் பல் டாக்டர், "மேடம், இன்னிக்கு நம்மளை விட்டா ஆளில்ல!" என்று குனிந்தார். இருவர் கண்ணும் முதலில் போனது ஜெர்ஸியின் கறைக்குத்தான். கறை இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் சீட்டில் உட்கார்ந்தார்கள். மருமகள் பச்சைத் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"இது என் மருமக. அவர் சீட்டுல உக்காருவா."

"ஆட்டம் தெரியுமாம்மா?" என்றார் பஸ் டிரைவர்.

"பந்து அந்தப் பக்கம் போகணும்," என்றாள் மருமகள்.

"போதும்."

விசில் ஊதியதும் ஒரு காரியம் நடந்தது. வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட ஜாடையால் கேட்கிற மாமியார், எழுந்து நின்று, இரண்டு கையையும் வாய்க்கு வைத்து, "பின்னாடி ஆளு இருக்குடா தடியா! கண்ணைப் பொடணியிலயா வெச்சிருக்க!" என்று கத்தினார். மருமகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யார் குரல் இது என்று அவளுக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது. வாரமெல்லாம் மற்றவர்களை 'உஷ்' என்று அடக்குகிறவருக்கு, அடக்கி வைத்த சத்தத்தை எங்கேயாவது கொட்ட வேண்டாமா? இங்கேதான் கொட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

மருமகளின் கண் பந்தின் பின்னால் போகவில்லை. அது போனது வெள்ளை டிரவுசர்கள் பின்னால். முதல் நாள் மழையில் தரை ஊறியிருந்தது. ஒவ்வொருத்தனாக வழுக்கி விழுந்து எழுந்தான். பச்சைப் புல் கறை, பழுப்புச் சேற்றுக் கறை, முழங்காலில் சிவப்பு. இவற்றை ஒன்றாகப் போட்டு வெந்நீரில் ஊற வைக்கிற மடையன் எவனாவது அங்கே வேலைக்கு இருப்பானா என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. ஒரே ஒரு டிரவுசர் மட்டும் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது போல் பளிச்சென்று இருந்தது. ஏழாம் நம்பர்.

அதை யாரிடமாவது சொல்லலாமா என்று அவள் வாயெடுத்த நேரத்தில், மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு போய் வலைக்குள் போட்டுவிட்டான்.

ஸ்டேடியமே இழவு வீடாகியது. மாமியார் ஜெர்ஸியின் முன் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி முகத்தைப் புதைத்துக்கொண்டார். கோல் வாங்கினால் அவர் அப்படித்தான் செய்வாராம்.

புதைத்த முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் ஜெர்ஸிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் எழும்பின.

"இது டீ வாசனை," என்றார்.

"ஆமா அத்தை," என்றாள் மருமகள், அவசரமாக. "டீ கறைதானே?"

"பாலிஷ் வாசனையில்ல வரணும்?"

மருமகள் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "உங்களுக்கு... தெரியுமா?"

"உங்க மாமா ஷூ பாலிஷ் எனக்குத் தெரியாதா? தினம் அந்த ஷூவோடதான் குடித்தனம் பண்ணேன்." மாமியார் குரல் மறுபடி நூலகத்துக் குரலாகிவிட்டது. கத்தினதைவிட இது பயமாக இருந்தது. "அவர் பாலிஷ் தடவின அடுத்த ஆட்டம் நாம ஜெயிச்சோம். சரி, ராசி பாலிஷுக்கு மாறிடுச்சுன்னு விட்டுட்டேன். இப்ப யாரு இதுல டீயை ஊத்தினது?"

இனி மறைக்க முடியாது. இடைவேளை விசில் ஊதுவதற்குள் மருமகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். துவைத்தது, கறை எடுத்தது, டீ காய்ச்சியது, ஷூ அலமாரி, எல்லாம். "நல்லது பண்றதா நெனச்சுத்தான் அத்தை பண்ணேன். உங்களைச் சந்தோஷப்படுத்தணும்னுதான்," என்று முடித்தபோது கண்ணில் நீர் முட்டியது.

மாமியாருக்கு முன்னால் வாயைத் திறந்தது பஸ் டிரைவர்.

"என்னது, தொவைச்சிட்டாங்களா?"

அந்த வார்த்தை வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடியது. "எதைத் தொவைச்சிட்டாங்க?" "அதையா?" "ஐயையோ!" பல் டாக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மூன்று வரிசை கீழே இருந்தவர்கள் எழுந்து, கொலை செய்தவளைப் பார்ப்பது போலத் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தப் பச்சைத் துப்பட்டா போட்டிருக்கு பாரு, அந்தப் பொண்ணுதான்," என்று யாரோ அடையாளம் சொன்னார்கள்.

"பாலிஷ்ல ஜெயிச்சோம், டீயில தோத்துட்டிருக்கோம்," என்றார் பல் டாக்டர். "கணக்கு தெளிவா இருக்கு மேடம்."

"தப்பா நெனைக்காதேம்மா," என்றார் பஸ் டிரைவர், தணிவாக. "ரெண்டாவது பாதிக்குக் கொஞ்சம் அந்தப் படிக்கட்டுப் பக்கம் போய் நின்னா நல்லாயிருக்கும். ஆளு மாறினா ஆட்டம் மாறும்."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். மாமியார் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கறையின் மேல் கையை வைத்து மூடியிருந்தார்.

போச்சு. முன் ரூம் போச்சு. திங்கட்கிழமை முதலாளியிடம் இடமில்லை என்று சொல்ல வேண்டும். மிஷின்களை வேறு எவனோ வந்து தூக்கிக்கொண்டு போவான். அவள் இன்னொருவர் கடையில், இன்னொருவர் மிஷினில், இன்னொருவர் சொல்கிற நேரத்துக்கு வேலை செய்ய வேண்டும். அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், கோபமும் வந்தது.

ஒரு சட்டையைத் துவைத்ததற்கா இவ்வளவு?

படிக்கட்டுக்கு அவள் போகவில்லை. சீட்டில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

இரண்டாவது பாதி ஆரம்பித்தது. நேர் கீழே கோட்டோரத்தில் ஏழாம் நம்பர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். டிரவுசரில் இன்னும் ஒரு பொட்டு மண் இல்லை. யார் மேலாவது காட்ட வேண்டிய கோபம், பாவம், அவன் தலையில் விடிந்தது.

மருமகள் எழுந்தாள். நாளெல்லாம் மிஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அவளுடையது.

"ஏய் ஏழு! உன்னைத்தான்! டிரவுசரைப் பாரு, மடிப்புக்கூடக் கலையல! நீ ஆட வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா? மத்தவன் எல்லாம் விழுந்து பொரள்றான், நீ மட்டும் தொவைக்கிறவளுக்கு வேலை வெக்கக் கூடாதுன்னு நிக்கிறியா?"

ஏழாம் நம்பர் திரும்பிப் பார்த்தான். இது அவள் கற்பனை அல்ல, வரிசையே பார்த்தது. பார்த்தவன் தலையை ஆட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். பந்து அவனிடம் வந்தது. இரண்டு மஞ்சளைத் தாண்டினான், மூன்றாவது மஞ்சள் வருவதற்குள் அடித்தான்.

கோல்.

அடுத்த கொஞ்ச நேரம் மருமகள் யார் யார் கட்டிப்பிடியில் இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பல் டாக்டர் பின்னாலிருந்து அவள் தலையில் கையை வைத்து ஆசீர்வதித்தார். மாமியார் அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடர்ந்தது. மருமகள் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் மஞ்சள் சட்டைகள் மறுபடி ஏறி வந்தன.

"எழுந்திரும்மா," என்றார் பஸ் டிரைவர் பதறிப்போய். "திட்டு!"

"என்ன திட்டறது? அவன்தான் கோல் போட்டுட்டானே."

"அதனாலதான் சொல்றேன். நிறுத்திடாதே, திட்டு!"

அவள் திட்டினாள். கொஞ்ச நேரத்தில் டிரவுசரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கைவசம் இருந்த வேறு சரக்கை எடுக்க வேண்டியதாயிற்று.

"சொன்ன வேலையை என்னிக்காவது சொன்ன நேரத்துக்கு முடிச்சிருக்கியா? குழாய் ஒழுகுது, ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

மாமியார் ஓரக்கண்ணால் பார்த்தார். "இது யாருக்கு?"

"ஏழாம் நம்பருக்குத்தான் அத்தை."

"ம். எம் பையனுக்கும் பொருந்தும். நல்லாச் சொல்லு."

நேரம் முடிந்துகொண்டே வந்தது. ஒன்றுக்கு ஒன்று. ஸ்டேடியம் முழுக்க எழுந்து நின்றுகொண்டிருந்தது. மருமகளின் தொண்டை கட்டிவிட்டது. உள்ளே துழாவிப் பார்த்தாள். அடியில் ஒன்றே ஒன்றுதான் கிடந்தது. அதை எடுத்தாள்.

"மனசுல என்ன இருக்குன்னு வாயைத் தொறந்து சொன்னா என்ன? ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு! அப்புறம் சொல்றேன், அப்புறம் சொல்றேன்னா ஒருத்தி எத்தனை நாள்தான் உன் முகத்தையே பார்த்துட்டு நிப்பா? நானும் இந்த வீட்டு மனுஷிதானே!"

அந்தக் கடைசி வார்த்தைகள் வந்த விதத்தில் வரிசையே ஒரு நொடி திரும்பிப் பார்த்தது. கால்பந்தாட்டக்காரனைப் பார்த்து 'இந்த வீட்டு மனுஷி' என்று யாரும் சொல்வதில்லை. மாமியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதனால் அவர்கள் இருவர் மட்டும் இரண்டாவது கோலைப் பார்க்கவில்லை. ஏழாம் நம்பர் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து தலையால் முட்டிப் போட்ட கோலாம் அது. அவன் எழுந்தபோது சட்டை எது, டிரவுசர் எது என்று தெரியவில்லையாம். எல்லாம் பஸ் டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

*

கூட்டம் பாடிக்கொண்டே படியிறங்கியது. மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பிரிந்து போகாமலிருக்கத்தான் பிடித்தார் என்றாலும், கீழே வந்த பிறகும் விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு ஓரமாக நின்றதும் கேட்டார்.

"கடைசியா திட்டினியே, அது எனக்குத்தானே?"

பொய் சொல்ல மருமகளிடம் குரலே பாக்கியில்லை. "ஆமா அத்தை," என்றாள்.

மாமியார் தலையாட்டினார். "எனக்குச் சட்டுனு சொல்ல வராதும்மா. பேசியே பழக்கமில்ல. யோசிச்சிட்டே இருப்பேன், அதுக்குள்ள ஊரு மாறிடும். நீ முகத்துக்கு நேரா கேட்டது நல்லதாப் போச்சு." அப்புறம் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "ரூமை எடுத்துக்கோ. நாளைக்கே காலி பண்ணிடலாம்," என்றார்.

மருமகள் நடுத்தெரு என்றும் பார்க்காமல் மாமியாரைக் கட்டிக்கொண்டாள். டீ வாசனை அடித்த ஜெர்ஸியில் இப்போது அவள் கண்ணீரும் சேர்ந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் மாமியார் அவள் தலைக்கு மேலே.

"சொல்லுங்க அத்தை, என்ன வேணும்னாலும்."

"மேட்ச் இருக்கிற சனிக்கிழமை கடை கிடையாது."

மருமகள் நிமிர்ந்தாள். சலவைக் கடைக்குச் சனிக்கிழமைதான் உயிர். "ஏன் அத்தை?"

"நீ என்கூட இங்க வரணும். பார்த்தியில்ல, நீ உக்காந்தா அவன் நின்னுடறான். வரிசையில எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. கறை இனிமே வேணாம், நீதான் வேணும்."

"எனக்கேது அத்தை சீட்டு? இது மாமாவோட சீட்டாச்சே. கட்டுப் பிரிச்சதும் அவர் வருவாரே."

"முப்பது வருஷமா வர்றாரு," என்றார் மாமியார். "பாதி ஆட்டத்துல தூங்கிடுவாரு. இனிமே வீட்டுல தூங்கட்டும்."

"அதை யாரு அவர் கிட்ட சொல்றது?"

மாமியார் பஸ் வருகிறதா என்று தூரத்தில் பார்த்தார். பஸ் வரவில்லை. "ரூம் வேணும்னு கேட்டது யாரு?" என்றார், பழைய கிசுகிசுப்பில்.

அந்த நேரம் பார்த்து மருமகளின் போன் அடித்தது. மாமனார். ஒலிபெருக்கியைத் தட்டாமலே அவர் குரல் தெருவுக்கே கேட்டது.

"ஜெயிச்சுட்டோமேம்மா! டீவியில பார்த்தேன்! நம்ம டீ வேலை செஞ்சிடுச்சு பார்த்தியா? அவளுக்குத் தெரியலையே? தெரியாது, எனக்குத் தெரியும். உன் கை யாரு கை! கேளு, டாக்டர் போன் பண்ணாரு, அடுத்த மேட்சுக்குள்ள கட்டைப் பிரிச்சிடலாமாம். படுத்துப் படுத்து எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு. இந்த ஒரு வாரமா நான் நெனச்சிட்டிருக்கறது என் சீட்டைத்தாம்மா. அதுல உக்காந்தா எப்படித் தெரியுது ஆட்டம், பார்த்தியா?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவே போன் பேசிக்கொண்டே இருந்தது.

"மாமா," என்றாள் மருமகள், உடைந்த குரலில். "வீட்டுக்கு வந்ததும் உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"கோவமா? உன் மேலயா?" மாமனார் வாய் விட்டுச் சிரித்தார். "இந்த வீட்டுல என்னைக் காப்பாத்தின ஒரே ஆளு நீதாம்மா. என்ன வேணும்னாலும் கேளு. கண்ணை மூடிட்டுத் தர்றேன்."